செல்லாயி இரை எடுக்க மாட்டேன்னுட்டா

"அக்கா, எங்க மலைப்பாம்பு இரை எடுக்க மாட்டேங்குது"ன்னு மல்லிகா போன்ல சொன்னா. நான் கேட்ட முதல் கேள்வி, "நீ என்ன சோப்புப் போட்டுக் குளிக்கிற?"

கிழவிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நினைச்சிருப்பா. மல்லிகா எங்க காலேஜ் பாம்பு ரூம்ல எனக்குக் கீழ வேலை பார்த்தவ, இப்ப வேற ஊர்ல ஒரு பாம்புப் பண்ணையில இருக்கா. அங்க இப்ப ஐஸ்ல வச்ச எலியை வெந்நியில போட்டு எடுத்துத்தான் கொடுக்கிறாகளாம். பழைய பாம்பெல்லாம் அதைத் தின்னுது, புதுசா வந்தது மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கிது. "உங்க காலத்துல எப்படிக்கா சமாளிச்சீக? எழுதிக் கொடுங்க, பிள்ளைகளுக்குப் படிச்சுக் காட்டுறேன்"ன்னா. எழுதுறேன். பிடிவாதம் பிடிக்கிற பாம்பைச் சாப்பிட வைக்கிற விஷயத்துல என்னை மிஞ்சுன ஆள் இந்தப் பக்கம் ரொம்பப் பேர் கிடையாது. இதை அடக்கமாச் சொல்ல எனக்கு வராது.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளோட கடைசியில. போடிக்கு வெளிய, மலையடிவாரத்துப் பக்கம் இருந்த ஒரு பெண்கள் காலேஜ். விலங்கியல் துறையில லேப் உதவியாளர் வேலை. கொஞ்ச காலம் கண்ணாடிச் சாமான் கழுவுனேன், தவளை பிடிச்சாந்தேன், மைக்ராஸ்கோப் தொடைச்சேன். பாம்பு ரூமைப் பார்த்துக்கிட்டிருந்த ஆளுக்கு வேற உத்தியோகம் கிடைச்சுப் போயிட்டாரு. "இனி யாரு பார்த்துக்கிறீக?"ன்னு துறைத்தலைவி கேட்டப்ப எல்லாரும் தரையைப் பார்த்தாக. நான் பார்க்கலை. என் டிரெய்னிங் அம்புட்டுத்தான்.

துறைத்தலைவி எஸ்தர் டீச்சரம்மா. போடி பஜார்ல பேரைச் சொன்னாலே தெரியிற கிறிஸ்தவக் குடும்பம், ஏலக்காய் வியாபாரம். வீட்டுக்குப் பின்னாடியே ஸ்டோர். சரக்கு வர்ற நாள்ல தெருவே மணக்கும்னு வெளியூர்க்காரவுக சொல்வாக. எனக்குப் போடியிலயே கட்டிக் கொடுத்து, அந்தத் தெருவுக்கு அடுத்த தெருவுல வீடு. எனக்கு ஒரு மணமும் தெரியாது.

டீச்சரம்மா நல்ல உசரம். வெள்ளை வாயில் சேலை, கஞ்சி போட்டு மொடமொடன்னு இருக்கும். எந்த ரூமுக்குள்ளயும் கதவைத் தட்டிட்டுப் போன வழக்கமே கிடையாது. பிரின்சிபால் ரூமா இருந்தாலும் சரி, மீட்டிங் நடந்தாலும் சரி, நேரா உள்ள போயி நிப்பாக. கேட்டா, "தட்டுனா 'அப்புறம் வாங்க'ம்பாக"ன்னு சொல்வாக. கன்னத்துல எந்நேரமும் ஒரு ஏலக்காய் ஒதுக்கியிருக்கும். இடது கன்னத்துல இருந்தா மனசு நல்லாயிருக்குன்னு அர்த்தம். வலது கன்னத்துக்கு மாறிருச்சுன்னா அன்னைக்கு யாருக்கோ பூசை இருக்கு. அழுகிற பிள்ளைக்கும், பரீட்சைக்குப் போற பிள்ளைக்கும் கைப்பையில இருந்து ரெண்டு ஏலக்காய் எடுத்துக் கொடுப்பாக. எனக்குக் கல்யாண நாளுக்குக் கொடுத்ததும் அதுதான், ஒரு சின்ன டப்பா நிறைய.

பாம்பு ரூம் அவுக உசுரு. சுத்துப்பட்டு ஊர்ல இருந்து வர்ற பிள்ளைக வீட்டுல, எது விஷம் எது விஷமில்லைன்னு தெரியாம கண்ணுல பட்டதையெல்லாம் அடிப்பாக. கடிபட்டா மந்திரிக்கப் போவாக. உசுரோட இருக்கிற பாம்பைப் பக்கத்துல நின்னு பார்த்த பிள்ளை ஊருக்குப் போயி நாலு பேருக்குச் சொல்லும்ங்கிறது அவுக கணக்கு. அது சரியான கணக்குதான்.

இரை கொடுக்கிற முறையை அவுக எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே தடவை. ரெண்டாந்தடவை கேட்டா ஏலக்காய் வலது பக்கம் போயிரும். புதுசா வந்த பாம்பைத் தொடக்கூடாது. முன்கண்ணாடியில காக்கித்தாள் ஒட்டணும். ஒளிஞ்சுக்கிறதுக்கு உடைஞ்ச பானையைக் கவுத்தி வைக்கணும். மார்கழியில மலைக்காத்து அடிக்கும்போது பெட்டிக்கு வெளிய பல்பு எரியணும். கண்ணு பால் விட்ட மாதிரி வெளுத்திருந்தா சட்டை உரிக்கப் போகுது, அப்ப இரையைக் காட்டவே கூடாது. இரையோட பருமன் பாம்போட பெருத்த இடத்துக்கு மேல போகக்கூடாது. பிள்ளைக எல்லாம் போயி காலேஜ் ஓஞ்ச பிறகு, பொழுது சாயிற நேரத்துல வைக்கணும். எடுக்கலைன்னா எலியை வெளிய எடுத்துறணும். உள்ளயே விட்டா எலி பாம்பைக் கடிச்சுக் கொதறிரும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னா இப்பவும் நம்ப மாட்டாக. தின்ன மனசில்லாத பாம்பு எலிகிட்டத் தோத்துப் போகும்.

எலி, முயல், கோழிக்குஞ்சு எல்லாத்தையும் பக்கத்துல இருந்த சின்ன ரூம்ல வளர்த்தோம். அடியில விரிக்கிறதுக்கு டீச்சரம்மா வீட்டு ஸ்டோர்ல இருந்து ஏலக்காய்த் தொலி சாக்குச் சாக்கா வரும். மெத்துன்னு இருக்கும், எலி மூத்திர நாத்தத்தையும் அமுக்கிரும். வேற எந்தக் காலேஜ்லயும் இம்புட்டுச் சுத்தமா எலி ரூம் இல்லைன்னு எங்களுக்கு ஒரே பெருமை.

நல்லபாம்பு ஒண்ணு, சாரை ரெண்டு, கட்டுவிரியன் ஒண்ணு, தண்ணிப்பாம்பு சிலது. நல்லபாம்பும் சாரையும் பஜார் ஸ்டோருகள்ல பிடிச்சது. சாக்குக்கு அடியில எலி தின்னு வளந்ததுக, எங்க எலியைக் காட்டுன உடனே பிடிக்கும். கட்டுவிரியன்தான் ஆரம்பத்துல படுத்துச்சு. எலிக்குஞ்சைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. டீச்சரம்மா செத்த தண்ணிப்பாம்பு ஒண்ணைக் காட்டி, "இதை அந்தக் குஞ்சு மேல நல்லாத் தேய் பரமு"ன்னாக. தேய்ச்சேன். கட்டுவிரியன் பாம்பைத் தின்னுற சாதி, அந்த வாசத்தை நம்பி எலிக்குஞ்சை முழுங்கிருச்சு. "கண்ணு முக்கியமில்ல. பாம்பு நாக்கால மோந்து பார்த்துத்தான் சோறு திங்கிது"ன்னாக. நான் அதைப் பார்க்க வர்ற ஆளுகளுக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். இது தெரிஞ்ச ரெண்டு பேரும் பின்னால என்ன பண்ணோம்னு பாருங்க.

செல்லாயி வந்தது சின்னமனூர்ப் பக்கம் இருந்து. மேகமலைக்குப் போற வழியில பெருமாள்னு ஒரு விவசாயியோட வாழைத்தோட்டத்துல கோழியை முழுங்கிட்டு நகர முடியாமக் கிடந்த மலைப்பாம்பு. ஊர்க்காரவுக கம்போட வந்துட்டாக. பெருமாள் குறுக்க படுத்துக்கிட்டாராம். அவரு மக எங்க காலேஜ்ல படிச்சது, அது வீட்டுல போயிப் பேசுன பேச்சு அப்பனுக்கு ஏறியிருக்கு. மாட்டு வண்டியில கூடையோட கொண்டாந்து இறக்குனாரு. பாம்பு ஒரு கட்டில் நீளத்துக்கு மேல, உடம்பெல்லாம் படம் போட்ட மாதிரி அம்புட்டு அழகு.

"ஏ ஆத்தா, கோழி போனா மயிரே போச்சு. ஆனா இதை நான் ஊரைப் பகைச்சுக் கொண்டாந்திருக்கேன்"ன்னாரு என்கிட்ட. "நாலு நாள்ல செத்துப் போச்சுன்னு மட்டும் சொல்லிராதீக. பெறகு எங்க ஊர்ல ஒரு பாம்பையும் உசுரோட விட மாட்டானுக. பார்த்தியா, கொண்டுபோயி பட்டினி போட்டுத்தானே கொன்னாகன்னு என்னையத்தான் கேப்பானுக."

"செத்தா நான் இந்த வேலையை விட்டுர்றேன் போங்க"ன்னேன். வாய் எனக்கு அப்பவே இம்புட்டு நீளம். பிள்ளைக அதுக்குச் செல்லாயின்னு பேர் வச்சுட்டாக.

முழுங்குன கோழி செரிச்சு முடிஞ்சதும் எலி வச்சேன். செல்லாயி நாக்கை நீட்டுனா, ரெண்டு தடவை ஆட்டுனா, தலையைப் பானைக்குள்ள இழுத்துக்கிட்டா. பரவாயில்ல, புது இடம். காக்கித்தாள் ஒட்டுனேன். பெரிய பானை வச்சேன். பல்பு போட்டேன். சின்ன எலி, பெரிய எலி, முயல்குட்டி, கோழிக்குஞ்சு, அடிச்ச எலி, ஆட்டிக் காட்டுன எலின்னு எல்லாம் பார்த்தாச்சு. பக்கத்துல கொண்டு போனா நாக்கு வரும், உடனே தலை திரும்பிரும். சட்டை உரிச்சா, இனி பசிக்கும்னு நம்பி வச்சேன். அப்பவும் அதே கதைதான்.

இதுக்கு நடுவுல ஆபீஸ் ராக்கம்மா வெள்ளிக்கிழமை தவறாம ஒரு கிண்ணத்துல பாலைக் கொண்டாந்து பெட்டிக்கு முன்னாடி வைப்பா. "ஏன்டி, அது என்ன பூனையா?"ம்பேன். "நீ மட்டும் என்னத்தக் குடுத்துக் கிழிச்ச?"ம்பா.

மலைப்பாம்பு மாசக்கணக்குல பட்டினி கிடக்கும், அது எங்களுக்குத் தெரியும். ஆனா செல்லாயிக்கு முதுகெலும்பு தெரிய ஆரம்பிச்சிருச்சு. தோல் ரெண்டு பக்கமும் மடிப்பு விழுந்து, பெரிய அக்கா ரவிக்கையைத் தங்கச்சி போட்ட மாதிரி ஆயிருச்சு. தூக்குனா கையில கனமே இல்லை. பெருமாள் சந்தைக்கு வர்றப்பல்லாம் வந்து ஜன்னல்கிட்ட நிப்பாரு. முதல்ல "சாப்பிட்டாளா?"ன்னு கேட்டாரு. பிறகு கேக்கிறதை விட்டுட்டாரு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சரம்மா உள்ள வந்து செல்லாயியை ரொம்ப நேரம் பார்த்தாக. ஏலக்காய் எந்தக் கன்னத்துலயும் இல்லை, பல்லுக்கு நடுவுல கடிபட்டுக்கிட்டு இருந்துச்சு. "திங்கக்கிழமை குழாய் போட்டுருவோம் பரமு. முட்டையும் கொத்துன கறியும்."

நான் வந்த புதுசுல ஒரு கொம்பேறி மூக்கனுக்கு இதே மாதிரி வாய் வழியா ரப்பர் குழாய் இறக்குனாக. கொஞ்சம் மூச்சுக்குழல் பக்கம் போயிருச்சு. மேசையிலயே செத்துப் போச்சு. அன்னைக்கு டீச்சரம்மா மத்தியானம் சாப்பிடலை.

"வேணாம் டீச்சரம்மா. கொம்பேறி மூக்கன் மாதிரி ஆயிரும்."

"எனக்கு ஞாபகம் இல்லைன்னு நினைக்கிறியா? தினமும் ஞாபகம் இருக்கு. இப்ப விட்டா இது நிச்சயமாச் சாகும். குழாய் போட்டா பாதிக்குப் பாதி பொழைக்கும். நீ வேற வழி சொல்லு, நான் கேக்கிறேன்."

அவுக சொன்னதுல தப்பு இல்லை. அதனாலதான் எனக்கு அம்புட்டுக் கோவம். வீட்டுக்குப் போயி வீட்டுக்காரர்கிட்ட எரிஞ்சு விழுந்தேன், பாவம்.

மறுநாள் சனிக்கிழமை. உத்தமபாளையத்துல அரிசி மில் வச்சிருந்த காதர் மைதீன் பாய், பெருநாளுக்கு மகளைக் கூட்டிட்டுப் போக வந்திருந்தாரு. அந்தப் பிள்ளை ஹாஸ்டல்ல இருந்து பெட்டியைக் கட்டிக்கிட்டு வர்ற வரைக்கும் எங்க வராந்தாவுல நின்னாரு. கடைசியா ஒருவாட்டி வச்சுப் பார்ப்போம்னு நான் எலிப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவரைத் தாண்டிப் போனேன்.

"என்னம்மா, காலேஜ்ல விசேசமா? பாயசம் காய்ச்சுறீகளா?"

"பாயசமா? இது எலிப்பெட்டி பாய்."

"எலியா?" கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தாரு. சிரிப்பை அடக்க முடியலை அவருக்கு. "போடி எலின்னா போடி எலிதான். ஏலக்காய் என்னமா மணக்குது. எங்க வீட்டுப் பிரியாணிக்கே இந்த மணம் இல்லையேம்மா."

நான் பெட்டியைக் கீழ வச்சு, ஒரு எலியைத் தூக்கி மூக்குக்கிட்ட வச்சு மோந்தேன். ஒண்ணும் வரலை. எலி எலியாத்தான் இருந்துச்சு. பெட்டியை அங்கனயே போட்டுட்டு எலியோட டீச்சரம்மா ரூமுக்கு ஓடுனேன். நானும் அன்னைக்குக் கதவைத் தட்டலை.

"டீச்சரம்மா, இந்த எலியை மோந்து பாருங்க."

வாயில இருந்த ஏலக்காயை எடுத்துட்டு மோந்தாக. "என்ன? எலிதான்."

"ஏலக்காய் மணக்குதாம்."

"யாரு சொன்னா?"

"உத்தமபாளையத்துக்காரரு."

டீச்சரம்மா எலியைப் பார்த்தாக, கையில எடுத்து வச்ச ஏலக்காயைப் பார்த்தாக, என்னையப் பார்த்தாக. ஏலக்காய்த் தெருவுல பொறந்த அவுகளும் அதுக்கு அடுத்த தெருவுல வாழ்க்கைப்பட்ட நானும் ஆளுக்கொரு பக்கம் நின்னு எலியை மோந்துக்கிட்டு இருக்கோம், ரெண்டு மூக்கும் செத்த மூக்கு. பஜார்ல பிடிச்ச நல்லபாம்புக்கும் சாரைக்கும் ஏலக்காய் வாசம்தான் சோத்து வாசம், அதுகளுக்கு அது பழக்கம். தண்ணிப்பாம்புக்கு மீன், கட்டுவிரியனுக்கு நாங்க தேய்ச்ச பாம்பு வாசம். வாழைத்தோட்டத்துல இருந்து வந்த செல்லாயிக்கு மட்டும் நாங்க மாசக்கணக்கா மணக்க மணக்க ஏதோ ஒரு கண்றாவியை நீட்டிக்கிட்டு இருந்திருக்கோம்.

"கட்டுவிரியனுக்கு வாசம் தேய்ச்சோமே பரமு"ன்னாக டீச்சரம்மா மெதுவா. "நமக்குப் புத்தி எங்க போச்சு?"

நான் சிரிச்சுட்டேன். அவுகளும் சிரிச்சாக. சிரிச்சு முடிச்சதும் ரெண்டு பேருக்கும் பயம் வந்துருச்சு. இது சரியில்லாமப் போச்சுன்னா திங்கக்கிழமை குழாய்தான், வேற ஒண்ணும் மிச்சமில்லை.

வராந்தாவுக்குப் போயி டீச்சரம்மாவே பாய்கிட்டக் கேட்டாக, உங்க மில்லுல எலி கிடைக்குமான்னு. "மில்லுல எலிக்கு என்ன பஞ்சம்? அதுக அரிசி தின்னது போகத்தான் எனக்கு மிச்சம்"ன்னாரு. மறுநாள் காலையில மில் ஆள் ஒருத்தரு, கம்பிக்கூண்டுல வைக்கோல் போட்டு ரெண்டு கொழுத்த எலியோட பஸ்ல வந்து இறங்குனாரு. கூண்டை எங்க எலி ரூம்ல வைக்கவே விடலை நான். வேப்பமரத்துக்கு அடியில காத்தோட்டமா வச்சேன்.

அன்னைக்குப் பூராவும் பாம்பு ரூமைத் தண்ணி ஊத்திக் கழுவுனோம். இரை பிடிக்கிற இடுக்கியை வெந்நியில போட்டோம். நான் சோப்பே போடாமக் குளிச்சேன். என் சேலைக வீட்டுப் பெட்டிக்குள்ள கிடந்ததுக, அதுல என்ன வாசமோ யாரு கண்டா. ஹாஸ்டல்ல ஓடைப்பட்டிப் பிள்ளை ஒண்ணு கொடியில வெயில்ல போட்டிருந்த சேலையை இரவல் வாங்கிக் கட்டிக்கிட்டேன். பிறகு மில் ஆளைக் கூப்பிட்டு, "அண்ணே, கூச்சப்படாம மோந்து சொல்லுங்க, என் கை மணக்குதா?"ன்னு கேட்டேன். மனுசன் நெளிஞ்சாரு. தள்ளி நின்னே மூக்கை உறிஞ்சிட்டு, "இல்லைங்க"ன்னாரு.

பொழுது இறங்குச்சு. டீச்சரம்மா கதவு வரைக்கும் வந்தாக, அங்கனயே நின்னுட்டாக. "நான் உள்ள வரலை. என் ரத்தத்துலயே ஏலக்காய்தான் ஓடும். நீ போ"ன்னு சொல்லி வெளிப்படியில உக்காந்துட்டாக. எந்த வாசல்லயும் நிக்காத மனுசி நின்னது எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

எலியை இடுக்கியில பிடிச்சு உள்ள இறக்குனேன். செல்லாயி நாக்கை நீட்டுனா. ஆட்டுனா. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடுத்து தலை திரும்பும்னு பார்க்கிறேன். திரும்பலை. மறுபடியும் நாக்கை நீட்டுனா. தலையைப் பானைக்கு வெளிய கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டாந்தா. கழுத்து மடங்குச்சு. எப்பப் பாய்ஞ்சா, எப்பச் சுத்துனான்னு எனக்குத் தெரியலை, இடுக்கி காலியா என் கையில இருந்துச்சு. மூணு சுத்து சுத்தி இறுக்கிப் பிடிச்சிருந்தா. ரொம்ப நேரம் அப்படியே இருந்துட்டு, தலையைத் தேடி, மெதுவா, ஒரு அவசரமும் இல்லாம முழுங்க ஆரம்பிச்சா. எலி வால் உள்ள போற வரைக்கும் நான் அசையலை.

வெளிய வந்து, "எடுத்துட்டா டீச்சரம்மா"ன்னேன்.

டீச்சரம்மா சேலைத் தலைப்பை வாயில பொத்திக்கிட்டு அழுதாக. கொம்பேறி மூக்கன் செத்தன்னைக்குக்கூட அழாதவுக. நானும் படியில பக்கத்துல உக்காந்து அழுதேன், வெக்கம் என்ன வெக்கம். பிறகு மூக்கைத் துடைச்சுக்கிட்டு எந்திரிச்சு, "அந்த ரப்பர் குழாயை பீரோவுல வச்சுப் பூட்டிரு"ன்னாக.

ஏலக்காய்த் தொலி அன்னையோட நின்னுச்சு. எலி ரூமுக்கு உத்தமபாளையத்து வைக்கோல் வந்துச்சு. அடுத்த சந்தைக்குப் பெருமாள் வந்தப்ப, ஜன்னல்கிட்ட நிக்க விடாம உள்ள கூட்டிட்டுப் போயி வயித்து மேட்டைக் காட்டுனேன். பார்த்துட்டு, "அப்ப ஊருக்குள்ள தலை நிமிந்து போகலாம்"ன்னாரு. செல்லாயி பிறகு எத்தனையோ வருஷம் எங்ககிட்ட இருந்தா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப காட்டிலாகா அனுமதி எழுதி வாங்கி வச்சுக்கிட்டோம். ஒரு தடவையும் இரையை மறுக்கலை, சட்டை உரிக்கிற நேரம் தவிர.

மல்லிகாவுக்கு நான் சொல்ற ஆலோசனை இதுதான். பானை, பல்பு, தாள் எல்லாம் புத்தகத்துல இருக்கு, அதைச் செய்யி. அதுக்கும் மசியலைன்னா, உன் ஊர்க்காரி இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்டு ரூமை மோந்து பார்க்கச் சொல்லு. எங்க பாம்பு ரூமுக்கு யாரு புதுசா வேலைக்கு வந்தாலும் முதல் நாளே நான் கேட்டது, "இங்க என்ன வாசம் வருது?" உன்னையும் கேட்டிருக்கேன், மறந்திருப்ப. ஒரு மாசம் போனா யாருக்கும் எதுவும் வராது. அன்னைக்குப் போன்ல மல்லிகா சொன்னா, அவ சந்தன சோப்புத்தான் போடுறாளாம், ஐஸ்பெட்டி வைக்கிற ரூம்லயே ஊதுபத்தியும் ஏத்துறாகளாம்.

டீச்சரம்மா ரிட்டயர் ஆகி ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் வந்தாக. அதுக்குள்ள நான் தேனிக்குக் குடி மாறி பஸ்ல வந்துபோயிட்டு இருந்தேன், என் மூக்கு தெளிஞ்சிருந்துச்சு. பிரின்சிபால் ரூமுக்குள்ள அவுக வழக்கம்போலத் தட்டாமப் போனதா ராக்கம்மா முன்னாடியே வந்து சொல்லிட்டுப் போனா. நான் பாம்பு ரூம்ல தண்ணிச் சட்டி மாத்திக்கிட்டிருந்தேன். கதவை யாரோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. அந்தக் கதவை யாரும் தட்ட மாட்டாக. திறந்தா, டீச்சரம்மா. தலை பூரா நரைச்சு, அதே வெள்ளைச் சேலை.

"வாயைக் கொப்புளிச்சிட்டேன் பரமு. உள்ள வரலாமா?"

சேலையில இருந்து, தலைமுடியில இருந்து, கைப்பையில இருந்து ஏலக்காய் வாசம் குப்புன்னு அடிச்சுச்சு. இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்தும் அன்னைக்குத்தான் அந்த மனுசியோட வாசம் எனக்குத் தெரிஞ்சது.

"வாங்க டீச்சரம்மா"ன்னேன். "செல்லாயி நேத்தே சாப்பிட்டுட்டா."